முகம், நிலம், மண்

நுழையும்முன்

ஓர் உருவப்படத்தின் முன் நிற்பவர் முதலில் தேடுவது ஒப்புமையை. ‘அவரைப் போலவே இருக்கிறதா?’ என்பதே அவர் கேட்கும் முதல் வினா. இளமையிலேயே அவ்வினாவுக்கு எளிதாக விடை தரவல்ல கைத்திறன் பெற்றிருந்தும், அத்திறனை இறக்கி வைத்துவிட்டு மீண்டும் மீண்டும் புதிதாகக் கற்கத் தொடங்கியவர் ஓவியர் பாப்லோ பிக்காசோ. அவர் தீட்டிய முகங்கள், நிலக்காட்சிகள், உருவாக்கிய மட்கலங்கள் ஆகியவற்றின் பின்னுள்ள கதைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

புறாவின் கால்கள்

ஸ்பெயின் நாட்டின் தென்கடற்கரையில் அமைந்துள்ள மாலகா நகரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பாப்லோ பிக்காசோ பிறந்தார். தந்தை ஹோசே ரூயிஸ் பிளாஸ்கோ ஓர் ஓவிய ஆசிரியர். புறாக்களை வரைவதில் பெருவிருப்பம் கொண்டவர். தாம் வரையும் புறாவின் கால்களை மட்டும் தீட்டி முடிக்கும் பணியைச் சிறுவனான மகனிடம் அவர் ஒப்படைப்பது வழக்கம். மகன் தீட்டிய கால்களின் செம்மையைக் கண்டு வியந்த தந்தை, தம் வண்ணத்தட்டையும் தூரிகைகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டுத் தாம் ஓவியம் வரைவதை விட்டுவிட்டார் என்றொரு செய்தி வழங்குகிறது. அது முழு உண்மையோ, குடும்பத்தார் அன்பால் வளர்த்த கதையோ, அச்சிறுவனின் கை எத்தகைய தேர்ச்சி பெற்றிருந்தது என்பதை அது உணர்த்துகிறது.

அத்தேர்ச்சிக்குச் சான்றாக ஓவியம் ஒன்று இன்றும் பார்சிலோனா நகரில் உள்ளது. 1897இல், பிக்காசோ தம் பதினைந்தாம் வயதில் தீட்டிய ‘அறிவியலும் அறமும்’ என்னும் பெரிய ஓவியம் அது. நோயுற்ற பெண்ணொருத்தி படுக்கையில் கிடக்கிறாள். ஒருபுறம் மருத்துவர் அவளது நாடியைப் பார்க்கிறார். மறுபுறம் குழந்தையைக் கையில் ஏந்திய துறவியொருத்தி நோயாளிக்குப் பருக நீட்டுகிறாள். மருத்துவராக அமர்ந்திருப்பவர் ஓவியரின் தந்தையே. மாட்ரிட் நகரில் நடைபெற்ற பொதுக் கண்காட்சியில் இவ்வோவியம் பாராட்டுப் பெற்றது. அன்றைய ஓவியக்கழகங்கள் போற்றிய முறையில் இதற்குமேல் கற்பதற்கு அவருக்கு மிகுதியாக ஒன்றும் இல்லை. அவ்வழியிலேயே நடந்திருந்தால் செல்வர்களின் உருவப்படங்களை வரைந்து அவர் வளமாக வாழ்ந்திருக்கக்கூடும். அவர் தேர்ந்தெடுத்தது வேறு வழி.

மலையூர் தந்த கல்வி

ஓவியக்கல்வி பெற மாட்ரிட் சென்ற பிக்காசோ, அங்கு வகுப்புகளை வெறுத்தார், செங்காய்ச்சலுக்கும் ஆளானார். 1898இல், உடல் தேறுவதற்காக மனுவேல் பல்யாரெஸ் என்னும் நண்பரின் ஊருக்குச் சென்றார். அவ்வூர் காத்தலோனியப் பகுதியின் மலைகளுக்கிடையே அமைந்த ஓர்த்தா. ஒலிவ மரங்களும் பாறைகளும் நிறைந்த அச்சிற்றூரில் அவர் ஏறத்தாழ எட்டு மாதங்கள் தங்கினார். நண்பர்கள் இருவரும் சில வாரங்கள் மலைக்குகையில் உறங்கி, மரநிழலில் அமர்ந்து ஓவியம் தீட்டினர். விலங்குகளைப் பேணவும் சுமை கட்டவும் ஊராரோடு உழைக்கவும் நகரத்து இளைஞர் கற்றுக்கொண்டார். தாம் அறிந்தவை யாவும் பல்யாரெசின் ஊரில் கற்றவையே என்று பிற்காலத்தில் அவர் சொல்லி வந்தார். ஓவியக்கழகம் தராத கல்வியை ஒரு மலையூர் அவருக்குத் தந்தது.

அழிக்கப்பட்ட முகம்

பாரிஸ் நகரில் குடியேறிய பிக்காசோ, வறுமைமிக்க கலைஞர்கள் வாழ்ந்த மோன்மார்த்ர் குன்றில் ஒரு பழைய மரக்கட்டடத்தில் தங்கியிருந்தார். 1905ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி, அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் உருவப்படத்தை வரையத் தொடங்கினார். ஸ்டைன் பாரிஸ் நகரின் மறுகோடியிலிருந்து அக்குன்றுக்கு நாள்தோறும் வந்து, உடைந்த நாற்காலியொன்றில் அமர்வார். எண்பது அல்லது தொண்ணூறு முறை தாம் அவ்வாறு அமர்ந்ததாக அவரே பதிவு செய்துள்ளார்.

1906ஆம் ஆண்டின் வேனில் தொடங்கும் வேளையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. உடலும் உடையும் கைகளும் நிறைவுற்ற நிலையில், முகத்தை மட்டும் பிக்காசோ முற்றிலுமாக அழித்தார். அவரைப் பார்க்கும்போது தம்மால் அவரைக் காண முடியவில்லை என்பதே அவர் கூறிய காரணம். பார்ப்பது வேறு, காண்பது வேறு. எண்பது அமர்வுகளில் கை கண்ணை முந்திக்கொண்டு ஓடியது. பழகிய கோடுகள் தாமாகவே வந்து விழுந்தன. எதிரில் இருந்த மனிதரோ அவற்றுக்குள் அகப்படவில்லை.

முகமற்ற ஓவியத்தை அறையில் விட்டுவிட்டுப் பிக்காசோ ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். பிரனீசு மலைத்தொடரில், கோவேறு கழுதையின் மீதே சென்றடையத்தக்க கோசொல் என்னும் சிற்றூரில் கோடைக்காலத்தைக் கழித்தார். அங்கே விடுதி நடத்திய ஹோசெப் போந்தேவிலா என்னும் தொண்ணூறு வயதை எட்டிய முதியவரின் முகத்தைப் பலமுறை வரைந்தார். தோல் சுருங்கி எலும்பு புலப்பட்ட அம்முகம், சிறுசிறு குறிப்புகளை நீக்கிவிட்டு முதன்மையான வடிவத்தை மட்டும் காணும் பயிற்சியை அவருக்கு அளித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அவர் கண்ட ஸ்பெயின் நாட்டுப் பண்டைய கற்சிற்பங்களும் அவரது நினைவில் நின்றன.

பாரிசுக்குத் திரும்பிய பிக்காசோ, ஸ்டைனை மீண்டும் அழைக்கவில்லை. அவர் எதிரில் இல்லாமலேயே, நினைவிலிருந்து முகத்தைத் தீட்டி முடித்தார். கனத்த இமைகளும் சற்றே ஒத்துவராத கண்களும் கல்லில் செதுக்கியது போன்ற கன்னமும் கொண்ட முகம் அது. உடலோ பழைய முறையில் தீட்டப்பட்டது. ஒரே ஓவியத்தில் இரண்டு காலங்கள் சந்தித்தன. அம்முகம் ஸ்டைனைப் போல் இல்லை என்று நண்பர்கள் குறைகூறினர். கவலை வேண்டா, அவர் அதைப் போல் ஆகிவிடுவார் என்பது பிக்காசோவின் மறுமொழி. ஸ்டைன் அவ்வோவியத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் தம்முடன் வைத்திருந்தார். 1946இல் மறைந்தபோது, அதனை நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு உரிமையாக்கிச் சென்றார். இன்று ஸ்டைனை நினைப்போர் பலருக்கும் மனத்தில் தோன்றுவது அம்முகமே.

ஓர்த்தாவின் வீடுகள்

1909ஆம் ஆண்டின் கோடையில், பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு பிக்காசோ மீண்டும் ஓர்த்தாவுக்குச் சென்றார். ஊர் மாறவில்லை. பார்க்கும் கண் மாறியிருந்தது. 1907இல் பாரிசில் நடைபெற்ற செசானின் நினைவுக் கண்காட்சி, மலையையும் மரத்தையும் அடிப்படை வடிவங்களாகக் காணும் வழியை இளம் ஓவியர்களுக்குத் திறந்து வைத்திருந்தது. ஓர்த்தாவின் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச்செல்லும் வீடுகளைப் பிக்காசோ நேர்க்கோடுகளும் சாய்ந்த தளங்களுமாகத் தீட்டினார். ‘குன்றின் மேல் வீடுகள்’, ‘நீர்த்தேக்கம்’ ஆகிய ஓவியங்கள் அக்கோடையில் பிறந்தவை. அவற்றில் ஒளி ஒரு திசையிலிருந்து வருவதில்லை. தொலைவில் உள்ள வீடு பின்வாங்குவதில்லை. வானமும் கூரையும் ஒரே பொருளால் ஆனவை போலத் தோன்றுகின்றன.

இவை வெறும் கற்பனை என்று கருதியவர்களுக்கு விடையாக ஒரு சான்று இருந்தது. பிக்காசோ அங்கே நிழற்படங்களையும் எடுத்திருந்தார். இவ்வோவியங்களை வாங்கிய ஸ்டைன், தம் இல்லத்துக்கு வந்து குறைகூறுவோரிடம் அந்நிழற்படங்களை எடுத்துக் காட்டுவார். அவ்வூரின் வீடுகள் உண்மையாகவே அவ்வாறு அடுக்கடுக்காக, கட்டங்கட்டமாக நிற்பதைக் கண்டு அவர்கள் திகைப்பர். ஓவியர் ஊரைச் சிதைக்கவில்லை. ஊரின் எலும்புக்கூட்டைக் கண்டிருந்தார். எனினும், நிழற்படத்துக்கு அவர் அடிமையாகவும் இல்லை. ‘ஓர்த்தாவின் ஆலை’ என்னும் ஓவியத்தில் பனையைப் போன்ற மரங்கள் நிற்கின்றன. அம்மரங்கள் அவ்வூரில் இல்லாதவை. ஓவியத்தின் தேவைக்காக அவர் நட்டவை.

அக்கோடையில் அவருடன் இருந்த பெர்னாந்த் ஒலிவியேவின் முகத்தையும் அவர் மலைச்சரிவைப் போன்றே தீட்டினார். நெற்றி, கன்னம், கழுத்து யாவும் மேடும் பள்ளமுமான நிலப்பகுதிகளாயின. பாரிசுக்குத் திரும்பியதும், அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில், அம்முகத்தைக் களிமண்ணால் உருவாக்கினார். பின்னர் அது வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. முகம் நிலமாயிற்று, நிலம் மண்ணில் வடிவம் பெற்றது. அவரது கலையின் மூன்று வழிகளும் அச்சிற்பத்தில் ஒன்றுகூடின.

தெரிந்து தெளிவோம்: ஒரு பொருளை ஒரே இடத்திலிருந்து காண்பதாக வரைவதே ஐரோப்பிய ஓவியத்தில் நெடுங்காலம் நிலவிய முறை. பொருளைச் சுற்றிவந்து, பல பக்கங்களிலிருந்து கண்டவற்றை ஒரே தளத்தில் இணைத்து வரையும் முறை கியூபிசம் எனப்படுகிறது. இதனைப் பிக்காசோவும் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக்கும் இணைந்து வளர்த்தனர். 1910இல் தீட்டப்பட்ட கலைப்பொருள் வணிகர் கான்வைலரின் உருவப்படம் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிதறிய கோடுகளுக்கும் தளங்களுக்கும் நடுவே, கோத்த கைகளும் தலைமுடியின் அலையும் கடிகாரச் சங்கிலியும் மெல்லப் புலப்பட்டு, அவ்வணிகரை அடையாளம் காட்டுகின்றன.

முகம் யாருடையது?

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குவெர்னிக்கா என்னும் ஊர் வான்வழிக் குண்டுவீச்சால் அழிக்கப்பட்டது. அத்துயரைப் பிக்காசோ சுவரளவு ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியம் படிப்படியாக வளர்ந்ததை நிழற்படங்களாகப் பதிவு செய்தவர் டோரா மார். அவர் தேர்ந்த நிழற்படக் கலைஞர். அவ்வாண்டின் அக்டோபரில் பிக்காசோ தீட்டிய ‘அழும் பெண்’ என்னும் ஓவியம் டோரா மாரின் முகத்தை அடிப்படையாகக் கொண்டது. பச்சையும் மஞ்சளும் கலந்த முகம், கண்ணாடிச் சில்லுகளைப் போல் உடைந்திருக்கிறது. பற்கள் கைக்குட்டையைக் கடிக்கின்றன. போரில் மக்களைப் பறிகொடுத்த தாய்மார் அனைவரின் அழுகையும் அம்முகத்தில் உறைந்துள்ளது.

ஆயினும், இவ்வோவியத்துக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பிக்காசோ தம்மை வரைந்த படங்கள் எல்லாம் பொய் என்றும், அவை பிக்காசோவின் படங்களே அன்றி அவற்றுள் ஒன்றேனும் டோரா மார் அன்று என்றும் அவர் பிற்காலத்தில் கூறினார். ஸ்டைன், தம் படத்தைத் தம் முகமாகவே ஏற்றுக்கொண்டார். டோரா மாரோ ஏற்க மறுத்தார். ஓர் உருவப்படம் வரைபவருக்கு உரியதா, வரையப்பட்டவருக்கு உரியதா என்னும் வினா இவ்விரு பெண்களின் கூற்றுகளுக்கிடையே இன்றும் நிற்கிறது. கலைஞரின் பெருமையைப் பேசும்போது, அவருக்கு முன் அமர்ந்தவர்களின் குரலையும் கேட்பது கலையை அறியும் முறையாகும். டோரா மாரை அழும் பெண்ணாக மட்டுமே அறிந்த உலகம், அவர் எடுத்த நிழற்படங்களின் தனிச்சிறப்பை உணர்வதற்குப் பல்லாண்டுகள் ஆயின.

மண்ணிடம் மாணவராக

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிக்காசோ தென்பிரான்சின் கடற்கரைக்குச் சென்றார். 1946ஆம் ஆண்டின் கோடையில், வலோரிஸ் என்னும் ஊரில் நடைபெற்ற குயவர்களின் கண்காட்சியைக் காண வந்தார். வலோரிஸ் பன்னெடுங்காலமாகச் சமையற்பானைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அலுமினியப் பாத்திரங்கள் அடுப்பங்கரைகளில் இடம்பிடிக்கத் தொடங்கியபின், அவ்வூரின் தொழில் நலிந்து வந்தது. அங்கே ‘மதூரா’ என்னும் பட்டறையை நடத்திய ஜார்ஜ் ரமியே, சூசான் ரமியே இணையர், பிக்காசோவின் கையில் சிறிது களிமண்ணைக் கொடுத்தனர். அவர் மூன்று சிறிய உருவங்களைச் செய்துவிட்டுச் சென்றார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, அவை உலர்த்திச் சுடப்பட்டுப் பத்திரமாக இருந்தன. தாம் விட்டுச் சென்ற மண்ணை ஒருவர் பேணி வைத்திருந்தது அவரது உள்ளத்தைத் தொட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் அப்பட்டறையின் தொழிலாளருள் ஒருவரானார்.

அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. உலகப்புகழ் பெற்ற அவர், சக்கரத்தில் கலம் வனையும் கலையில் தொடக்கநிலை மாணவர். அதனை அவர் மறைக்கவில்லை. சக்கரத்தில் வனைந்தவர் ஜூல் அகார் என்னும் கைதேர்ந்த குயவர். அவர் வனைந்த குடத்தை, ஈரம் காயும் முன் பிக்காசோ கையில் எடுப்பார். இடைப்பகுதியை அழுத்துவார், கழுத்தை வளைப்பார். குடம் நிற்கும் பெண்ணாகும். தாழி கொழுத்த பறவையாகும். ஒருவரின் கை எழுப்பிய வடிவத்துக்குள் மற்றொருவரின் கண் வேறோர் உயிரைக் கண்டது. பிக்காசோவின் பெயர் தாங்கிய அக்கலங்களின் உள்ளே, பெயர் பொறிக்கப்படாத குயவரின் விரல்தடமும் இருக்கிறது.

மண், ஓவியத்துணியைப் போல் அடங்கிக் கிடப்பதன்று. துணியில் தீட்டிய நிறம் உடனே கண்ணுக்குத் தெரியும். மட்கலத்தில் தீட்டும் உலோக ஆக்சைடுகளோ சூளைக்குள் சென்று வெந்த பின்னரே தம் உண்மை நிறத்தைக் காட்டும். மங்கிய நிறமாகத் தோன்றும் கோபால்ட் பூச்சு, நெருப்பில் ஆழ்ந்த நீலமாகும். செம்பு சேர்ந்த பூச்சு பச்சையாகும். ஓவியர் தாம் காணாத நிறத்தை மனத்தில் கண்டு தீட்ட வேண்டும். பின்னர் நெருப்பிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சூளை திறக்கும்போது சில கலங்கள் வெடித்திருக்கும்; சில, எண்ணியதைவிட அழகாக வந்திருக்கும். எல்லாவற்றையும் தம் விருப்பத்துக்கு வளைத்துப் பழகிய பிக்காசோ, தமக்கு அடங்காத ஒன்றுடன் இணைந்து உழைக்கக் கற்றார்.

பட்டறையின் மூலையில் எறியப்பட்ட பொருள்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. உடைந்த சமையற்பானைத் துண்டுகளிலும் செங்கல்லிலும் ஓட்டிலும் முகங்களைத் தீட்டினார். வளைந்த பானைத்துண்டு ஒன்று தோளாயிற்று. செங்கல்லின் பக்கங்கள் கன்னங்களாயின. அவரைப் போல் வேலை செய்யும் பயிற்சியாளன் ஒருவனுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்காது என்று ஜார்ஜ் ரமியே நகைச்சுவையாகக் குறிப்பிட்டதுண்டு. தொழிலின் விதிகளை நன்கறிந்தவர்கள் அருகில் நின்று துணை செய்ததாலேயே அவரால் அவ்விதிகளை மீற முடிந்தது.

தெரிந்து தெளிவோம்: களிமண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழிகளை நீக்கிய பின்னரே கலம் வனையப்படுகிறது. வனைந்த கலம் நிழலில் மெல்ல உலர வேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் சூளையின் வெப்பத்தில் நீராவி விரிந்து கலம் வெடித்துவிடும். உலர்ந்த கலம் சுடப்பட்டபின், கண்ணாடித்தன்மை கொண்ட மெருகுப்பூச்சு இடப்பட்டு மீண்டும் சுடப்படுவதுண்டு. அப்பூச்சு உருகிக் கலத்துடன் ஒன்றி, நீர் கசியாத பளபளப்பான மேற்பரப்பாகிறது.

காயம்பட்ட ஆந்தை

மட்கலங்களில் அடிக்கடி தோன்றும் உருவங்களுள் ஒன்று ஆந்தை. அதற்கும் ஒரு கதை உண்டு. 1946இல் பிக்காசோ ஆன்டிப் நகரின் கடலோரக் கோட்டை அருங்காட்சியகத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். அப்போது, காலில் காயம்பட்ட சிறிய ஆந்தையொன்று அங்கே அகப்பட்டது. பிக்காசோ அதன் காலுக்குக் கட்டுப்போட்டுக் குணப்படுத்தினார். பாரிசுக்குத் திரும்பும்போது அதனையும் உடன்கொண்டு சென்றார். நன்றியறியாத அப்பறவை அவரைக் கண்டபோதெல்லாம் சீறியதாம். அகன்று விழித்த அக்கண்களைக் குடங்களின் வயிற்றிலும் தட்டுகளின் நடுவிலும் அவர் மீண்டும் மீண்டும் தீட்டினார். கூர்ந்து நோக்கும் ஆந்தையின் கண்களுக்கும் பிக்காசோவின் கண்களுக்கும் உள்ள ஒற்றுமையை அவரது நண்பர்கள் கண்டு மகிழ்ந்தனர்.

வலோரிசின் புகை

1948இல் பிக்காசோ வலோரிசிலேயே குடியேறினார். அவ்வூரின் சூளைகள் விறகால் எரிந்தவை. சூளை மூட்டும் நாளில் கரும்புகை கூரைகளுக்குமேல் எழுந்து ஊரை மூடும். 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்காட்சியை அவர் ஓவியமாகத் தீட்டினார். ‘வலோரிசின் புகை’ என்னும் அந்நிலக்காட்சியில் வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே புகைத்திரள்கள் எழுகின்றன. அழகிய கடலும் மலர்த்தோட்டங்களும் நிறைந்த பகுதியில் வாழ்ந்த ஓவியர், தம் ஊரின் முகமாகக் கண்டது உழைப்பின் புகையை. ஓர்த்தாவின் வீடுகளில் கல்லின் எலும்பைக் கண்ட கண், வலோரிசில் மனிதரின் மூச்சைக் கண்டது.

அவ்வூருக்கு அவர் அளித்த கொடைகளுள் ஒன்று ‘ஆட்டைச் சுமக்கும் மனிதன்’ என்னும் சிற்பம். 1943இல், பகைவரின் பிடியில் பாரிஸ் இருந்த காலத்தில், அவர் அதனைக் களிமண்ணால் உருவாக்கினார். உள்ளிருந்த கம்பிச்சட்டம் எடை தாங்காமல் உருவம் சரியத் தொடங்கவே, கயிறுகளால் உத்தரத்தோடு பிணைத்து அதனைக் காப்பாற்றினர். வெண்கலத்தில் வார்த்த அச்சிற்பம் 1950இல் வலோரிசின் சந்தைச் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. அருங்காட்சியகத்தின் அமைதியைவிட, சிறுவர் ஏறி விளையாடும் சதுக்கமே அதற்கு ஏற்ற இடம் என அவர் கருதினார். ஊர் அவரைச் சிறப்புக் குடிமகனாக ஏற்றுப் பெருமை செய்தது.

அவரது வருகையால் வலோரிசின் பெயர் உலகெங்கும் பரவியது. கலைஞர்கள் பலர் அங்கு வந்தனர். அணைந்த சூளைகள் மீண்டும் எரிந்தன. பலரும் வாங்கத்தக்க வகையில், தம் வடிவங்களைப் படியெடுத்து விற்கும் உரிமையை மதூராப் பட்டறைக்கு அவர் வழங்கினார். 1947 முதல் 1971 வரை 633 வடிவங்கள் அவ்வாறு படியெடுக்கப்பட்டன. எளியோர் இல்லங்களிலும் இருக்கட்டும் என்று தொடங்கிய அக்கலங்கள், இன்று ஏலக்கூடங்களில் பெருவிலைக்குப் போகின்றன. பயன்பாட்டுக்குப் பிறந்த பானை, கண்ணாடிப் பேழைக்குள் சென்றுவிட்டது. கலைஞர் எண்ணிய இடத்திலேயே கலைப்பொருள் நிற்பதில்லை என்பதற்கு இது சான்று.

எந்த மலை?

1958இல் பிக்காசோ, தென்பிரான்சின் சேன் விக்துவார் மலையடிவாரத்தில் உள்ள வோவனார்க் மாளிகையை வாங்கினார். செசான் தம் வாழ்நாளெல்லாம் திரும்பத்திரும்பத் தீட்டிய மலை அது. செசானின் சேன் விக்துவாரைத் தாம் வாங்கிவிட்டதாக அவர் கான்வைலரிடம் கூறினார். ஓவியத்தை வாங்கியதாக எண்ணிய கான்வைலர், எந்தச் சேன் விக்துவார் என்று கேட்டார். உண்மையான மலையையே வாங்கியதாகப் பிக்காசோ விளக்க வேண்டியதாயிற்று. நிலத்தைக் காணக் கற்றுத்தந்த ஆசானின் மலை அவருக்கு அண்டை வீடாயிற்று. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த அவர், அம்மலையடிவார மாளிகையின் முன்னுள்ள மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மண்ணில் மடிந்த சிறகு

1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிக்காசோ ஒரு வெண்புறாவைக் கல்லச்சு ஓவியமாக வரைந்தார். அதற்கு மாதிரியாக அமைந்தது, ஓவியர் மத்தீஸ் அன்பளிப்பாகத் தந்த புறா. அதே ஆண்டு ஏப்ரலில் பாரிசில் கூடிய உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டியில் அப்புறா இடம்பெற்று, அமைதியின் அடையாளமாக நாடெங்கும் பறந்தது. அந்நாள்களில் பிறந்த தம் மகளுக்குப் பலோமா என்று அவர் பெயரிட்டார். ஸ்பானிய மொழியில் பலோமா என்றால் புறா.

மதூராப் பட்டறையிலும் புறாக்கள் பிறந்தன. ஜூல் அகார் வனைந்து தந்த ஈரக்கலத்தை, அவர் மடித்து, வளைத்து, கழுத்தைத் திருகிப் புறாவாக்குவார். புறாவைச் செய்ய முதலில் அதன் கழுத்தைத் திருக வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார். கை சற்றுத் தவறினாலும் மண் கிழிந்துவிடும். அதன்பின் அது புறாவும் அன்று, கலமும் அன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் தந்தையின் ஓவியத்தில், ஒரு நகமும் பிசகாமல் புறாவின் கால்களைத் தீட்டிய கை அது. வலோரிசில் அமர்ந்திருக்கும் மண்புறாக்களிலோ கால்கள் தனியே தெரிவதில்லை. மடிந்த மண்ணுக்குள் அவை மறைந்துவிடுகின்றன. ஆயினும், காண்பவர் எவரும் அது புறாவன்று எனச் சொல்வதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்களுக்கு நெருக்கமான ஒருவரின் முகத்தை அவரைப் பார்த்து ஒருமுறையும், பாராமல் நினைவிலிருந்து ஒருமுறையும் வரைந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பத்தியாக எழுதுக.

2. ‘உருவப்படம் வரைபவருக்கு உரியதா? வரையப்பட்டவருக்கு உரியதா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பகுதியில் மண்ணால் பொருள் செய்யும் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, மண்ணைத் தேர்ந்தெடுப்பது முதல் சூளையிலிருந்து எடுப்பது வரையிலான படிநிலைகளைத் தொழிற்சொற்களுடன் தொகுத்து வருக.